ஹாலுக்கு ஒரு 4கே டிவி: எந்தப் பணத்துக்கு எதை வாங்கலாம்

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. இப்போதுள்ள டிவியின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை ஒயர் வருகிறதா? எச்டிஎம்ஐ ஒயர் வருகிறதா? அல்லது பாக்ஸே இல்லாமல் வைஃபையில் ஓடிடி மட்டும் பார்க்கிற வீடா? எந்த டிவி வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த ஒயரிலேயே கிடைத்துவிடும்.

4கே திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 83 லட்சம். மூன்று முனை ஒயரில் வரும் எஸ்டி (பழைய சாதாரணத் தரம்) சேனலில் இருப்பது 720க்கு 576, அதாவது 4 லட்சத்துச் சொச்சம். வந்து சேரும் ஒவ்வொரு புள்ளியையும் டிவி தானாகவே இருபது புள்ளியாக்கித் திரையை நிரப்ப வேண்டியிருக்கிறது. பழைய 32 இன்ச் டிவியில் தெளிவாக இருந்த அதே சீரியல், புதிய 55 இன்ச்சில் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் தெரிவது இதனால்தான். டிவியில் கோளாறு என்று நினைத்துச் சர்வீஸுக்குச் சொல்பவர்கள் நிறையப் பேர். வருகிறவர் பார்த்துவிட்டு "சிக்னல் அப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது சரி.

வீட்டில் பெரும்பாலும் கேபிளோ டிடிஎச்சோ ஓடுகிறது என்றால் முதல் செலவு எச்டி பாக்ஸுக்கு. சன், விஜய், கேடிவி போன்றவற்றுக்குத் தனியாக எச்டி சேனல்கள் உண்டு. அவற்றைப் பேக்கில் சேர்த்து, பாக்ஸை எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்து, பாக்ஸின் மெனுவில் அவுட்புட்டை 1080 என்று மாற்றிவிட்டால் கிடைக்கும் முன்னேற்றம், டிவிக்கு இன்னொரு பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் கிடைக்காது. எஸ்டி பாக்ஸையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், வாங்கும் மாடலில் ஏவி இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பல மாடல்களில் மூன்று ஓட்டைகளுக்குப் பதிலாக ஹெட்போன் பின் அளவில் ஒரே ஓட்டைதான் இருக்கிறது. அதற்கான சிறு இணைப்பு ஒயர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெளியில் கிடைக்கும் ஒயர்களில் பின்னுக்குள் இணைப்பு வரிசை மாறியிருந்தால் படம் வராது, உறுமல் சத்தம் மட்டும் வரும். சில புதிய மாடல்களில் ஏவியே கிடையாது.

டேப் பிடித்து அளந்த பிறகு இன்ச்

நீங்கள் உட்காரும் இடத்தில் உங்கள் கண்ணிலிருந்து டிவி வரப்போகும் சுவர்வரை அளங்கள். பத்தடி அகல ஹாலில் சோபா எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தால், கண்ணுக்கும் திரைக்கும் நடுவே எட்டடி வரும். ஆறடிக்குள் என்றால் 43 இன்ச். ஆறிலிருந்து எட்டு என்றால் 50. ஏழடிக்கு மேல் பத்துவரை என்றால் 55 தாராளமாக வைக்கலாம். 43க்கும் 55க்கும் பெயரில் வித்தியாசம் 12 இன்ச்தான். திரையின் பரப்பு அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. கடையின் பெரிய கூடத்தில் 55 சின்னதாகத்தான் தெரியும். அதனால் வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. பெயின்ட் கடையில் விற்கும் மாஸ்கிங் டேப்பால் சுவரில் செவ்வகம் ஒட்டுங்கள்: 43 இன்ச்சுக்கு 95 சென்டிமீட்டர் அகலம், 54 உயரம், 50க்கு 111, 62, 55க்கு 122, 69. இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு, உட்கார்ந்து பாருங்கள்.

ஷோகேஸுக்குள் வைப்பவர்கள் சுற்றிலும் பத்து சென்டிமீட்டராவது காற்றுக்கு இடம் விட வேண்டும். மேஜையில் வைப்பவர்கள் கால்களைக் கவனியுங்கள். நிறைய மாடல்களில் கால் இரண்டும் திரையின் ஓரங்களில் இருக்கின்றன. 55 இன்ச்சில் இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் தாண்டுவதும் உண்டு. மூன்றடி நீளப் பழைய ஸ்டாண்டு அதற்குப் போதாது.

இங்கே விற்பனையாளர் சொல்லாத ஒரு விஷயம். சாதாரணக் கண்பார்வைக்கு, ஃபுல் எச்டி (1920க்கு 1080) திரையின் புள்ளிகள் 43 இன்ச்சில் ஐந்தரை அடிக்கு மேலும், 55 இன்ச்சில் ஏழடிக்கு மேலும் தள்ளிப் போனால் தனித்தனியாகத் தெரிவதில்லை. எட்டடியில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு 4கே தரும் கூடுதல் புள்ளிகளால் பெரிய லாபம் இல்லை. அப்படியானால் ஃபுல் எச்டியே வாங்கிவிடலாமா என்றால், வேண்டாம். இந்த அளவுகளில் நல்ல பேனல், நல்ல பேக்லைட், நல்ல பிராசசர் எல்லாம் 4கே மாடல்களுக்குள்தான் வருகின்றன. ஆனால் 4கே என்ற எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். எட்டடியிலும் கண் கண்டுபிடிப்பது வேறு மூன்று: கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு எழும்புகிறது, ஓடும் பந்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. பட்ஜெட் கூடக் கூட, பணம் இந்த மூன்றுக்குத்தான் போக வேண்டும்.

பேனலும் பேக்லைட்டும்

எல்இடி டிவி என்பது உண்மையில் எல்சிடி பேனலும் அதற்குப் பின்னால் எரியும் எல்இடி விளக்குகளும்தான். பேனலில் இரண்டு சாதி. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். கான்ட்ராஸ்ட் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில், அதே குடும்பமான ஏடிஎஸ்ஸிலும், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும். கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுதான். விளக்கை அணைத்துப் படம் பார்த்தால் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரியும். சோபாவில் இரண்டு மூன்று பேர் நேராக உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு விஏ. பாட்டி கட்டிலிலும், பிள்ளைகள் தரையிலும், அம்மா சமையலறை வாசலிலும் இருந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ். பெட்டியில் இது அச்சிட்டிருக்காது. ஒரே மாடலில் 43க்கு ஒன்று, 55க்கு வேறொன்று என்றும் வரும். கடையில் ஓரமாகப் போய் நின்று பார்ப்பதுதான் வழி. முகத்தின் நிறம் வெளுத்தால் விஏ.

பேக்லைட்டில் மலிவானவை இரண்டு: ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்தது, பின்னால் சில பட்டைகளாக விளக்கு வைத்தது. இரண்டிலும் திரை முழுக்க ஒரே வெளிச்சம். இரவுக் காட்சியில் நிலாவுக்காக விளக்கு எழும்பினால் வானமும் சேர்ந்து வெளுக்கும். பின்னால் உள்ள விளக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டு இருக்கும் இடத்தில் மட்டும் மங்க வைப்பது லோக்கல் டிம்மிங். அதையே சிறுசிறு விளக்குகளால் நூற்றுக்கணக்கான பகுதிகளாகச் செய்வது மினி எல்இடி. ஓஎல்இடியில் பேக்லைட்டே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும்.

கியூஎல்இடி என்ற பெயரில்தான் குழப்பம் அதிகம். அது பேக்லைட்டுக்கு முன்னால் குவான்டம் டாட் படலம் வைத்த எல்சிடி. நிறம் கூடுதலாக, சுத்தமாகக் கிடைக்கும். கறுப்பு அதனால் ஒரு துளியும் ஆழமாவதில்லை. லோக்கல் டிம்மிங் இல்லாத கியூஎல்இடியைச் சாதாரண 4கேயைவிட இரண்டு மூன்றாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கலாம். பத்தாயிரம் கொடுக்க வேண்டாம்.

படத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் எச்டிஆர் முறையின் முத்திரை எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. அந்தச் சிக்னலை டிவி படிக்கும் என்பதுதான் அதன் பொருள். அதைக் காட்டும் வெளிச்சம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. வெளிச்சம் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) உள்ள மலிவு டிவியில் எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகத் தெரிவதும் நடக்கும். 600 நிட்ஸுக்கு மேல், லோக்கல் டிம்மிங்கும் சேர்ந்தால்தான் எச்டிஆர் கண்ணுக்குத் தெரியும். எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷன் வேண்டும் என்று முடிவோடு இருப்பவர்கள், சாம்சங் டிவிகளில் அது வராது, எச்டிஆர் 10 பிளஸ்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

25,000 ரூபாய்வரை

இந்தப் பணத்துக்கு 43 இன்ச், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதே விலைக்கு 50, சில சமயம் 55கூட ஆன்லைனில் கண்ணில் படும். பெரிய திரையை மலிவாகக் கொடுக்க முதலில் கை வைப்பது பேக்லைட் விளக்குகளின் எண்ணிக்கையில். குறைந்த விளக்குகளை அதிக மின்னோட்டத்தில் எரிக்கிறார்கள். அவை தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு விளக்கு போனால் ஒரு பட்டை முழுக்க அணையலாம், அல்லது டிவி பாதுகாப்புக்காகப் பேக்லைட்டை மொத்தமாக நிறுத்திவிடும். "சத்தம் வருது, படம் வரல" என்று சர்வீஸ் கடைக்கு வரும் டிவிகளில் பெரும்பங்கு இந்தக் கோளாறுதான். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் படம் உள்ளே மங்கலாக ஓடுவது தெரியும்.

இந்த விலையில் பார்க்க வேண்டிய முதல் வரி, பேனலின் ரெசல்யூஷன் 3840க்கு 2160 என்று இருக்கிறதா என்பது. "4கே சப்போர்ட்" என்று எழுதியிருந்தால் அது 4கே வீடியோவை வாங்கி ஃபுல் எச்டியிலோ அதற்கும் கீழோ காட்டும் டிவியாக இருக்கலாம். அடுத்தது சாஃப்ட்வேர். கூகுள் டிவி, ஃபயர் டிவி, எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன் போன்ற முறையான ஒன்று இருக்க வேண்டும். வெறும் "ஆண்ட்ராய்டு" என்று எழுதி, கூகுள் சான்று இல்லாமல் வரும் டிவிகளில் வைட்வைன் எல்1 பாதுகாப்பு இருப்பதில்லை. ஓடிடி ஆப் திறக்கும், படமும் ஓடும், ஆனால் எஸ்டி தரத்துக்கு மேல் ஏறாது. 4கே டிவி வாங்கி எஸ்டி பார்ப்பதைப்போல் வயிற்றெரிச்சல் வேறில்லை.

ரேம் 2 ஜிபி, ஸ்டோரேஜ் 16 ஜிபி கேளுங்கள். 8 ஜிபி என்றால் நாலைந்து ஆப்புகள் அப்டேட் ஆனதும் இடம் தீர்ந்து டிவி திணறும். வைஃபை டூயல் பேண்டாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் டிவியில், அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரூட்டர்களின் நெரிசலால் 4கே சுற்றிக்கொண்டே நிற்கும். எச்டிஎம்ஐ மூன்று இருப்பது வசதி: பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, மிச்சம் ஒன்று.

கடைசியாக, இந்த விலையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: உங்கள் மாவட்டத்தில் அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் ஆள் உண்டா? வாங்கும் முன் அவர்களின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள்.

25,000 முதல் 45,000 வரை

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் வந்து நிற்கும் இடம் இது. மனம் அலைபாயும் இடமும் இதுதான். ஒரே பணத்துக்குப் பெரிய பிராண்டில் 43, கொஞ்சம் கூடினால் 50. டிசிஎல், ஷாவ்மி, வியூ, ஹைசென்ஸ் போன்றவற்றில் 55 கியூஎல்இடி. எது?

ஒயரிடம் திரும்பிப் போங்கள். கேபிளில் சீரியலும் பழைய படங்களும்தான் அதிகம் ஓடும் வீடு என்றால், சிக்னலைச் சுத்தம் செய்யும் பிராசசருக்குப் பணம் கொடுங்கள். சோனி இதில் நெடுநாளாக நல்ல பெயர் எடுத்தது. குறைந்த தரச் சிக்னலிலும் முகங்கள் முகங்களாகத் தெரியும். திரை 43ஆகவோ 50ஆகவோ இருப்பதும் இந்த வீட்டுக்கு அனுகூலம், ஏனென்றால் எஸ்டி படத்தை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவு குறை தெரியும். ஓடிடியும் யூடியூபும்தான் என்றால் 55 கியூஎல்இடிக்குப் போங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது, அதுவும் பிரீமியம் திட்டத்தில் மட்டும். வீட்டு பிராட்பேண்ட் 40, 50 எம்பிபிஎஸ் என்றால் கவலையில்லை. டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். அதுவே 4கே ஸ்ட்ரீமிங்குக்கு மிச்சம்.

"மோஷன் ரேட் 120" என்று எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம். இந்த விலையில் பெரும்பாலும் பேனல் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். "நேட்டிவ்" (பேனலின் சொந்த வேகம்) என்ற சொல்லோடு 120 இருந்தால் மட்டும் நம்புங்கள்.

45,000 முதல் 80,000 வரை

வித்தியாசம் முதல் பார்வையிலேயே தெரிவது இங்கிருந்துதான். 55 இன்ச்சில் ஃபுல் அரே (திரையின் பின்னால் முழுக்க விளக்கு வைத்த) லோக்கல் டிம்மிங் அல்லது மினி எல்இடி, நேட்டிவ் 120 அல்லது 144 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1. எங்கள் கணிப்பில், பணம் கொஞ்சம் சேர்த்து வைத்தாவது வாங்கத் தகுந்தது இந்த விலையில் கிடைக்கும் மினி எல்இடி. ஜன்னல் வெளிச்சம் கொட்டும் நம் ஹால்களுக்கு அதன் வெளிச்சம் ஈடுகொடுக்கும், இரவில் கறுப்பும் நன்றாக இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி, டிம்மிங் ஜோன் (தனித்தனியாக மங்கும் பகுதி) எத்தனை. பதில் சொல்லாமல் "ஏஐ பிக்சர்" என்று பேச்சை மாற்றினால் ஓர விளக்கு மாடலாக இருக்கக்கூடும். ஜோன் குறைவாக இருந்தால், கறுப்புத் திரையில் வெள்ளை சப்டைட்டில் வரும்போது எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் படரும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில், நான்கு எச்டிஎம்ஐயில் எத்தனை 2.1 என்று கேளுங்கள். 2.0 போர்ட்டின் 18 ஜிபிபிஎஸ்ஸில் 4கே 60தான் போகும்; 120க்கு 2.1 வேண்டும். இரண்டே இரண்டு 2.1 இருந்து, அதில் ஒன்றே சவுண்ட்பாருக்கான இஆர்க் போர்ட்டாகவும் இருந்தால், கையில் எஞ்சுவது ஒன்று.

அதற்கு மேல்

லட்சத்தை ஒட்டிப் போனால் 55 இன்ச் ஓஎல்இடி. சிறிய ஹாலுக்கு 48, 42 அளவுகளும் உண்டு. விளக்கணைத்துப் படம் பார்ப்பவருக்கு இதற்கு ஈடு கிடையாது; எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது. ஆனால் காலை ஆறு மணிக்குச் செய்தி சேனல் போட்டு இரவு வரை ஓடவிடும் வீட்டில் இதை வாங்காதீர்கள். கீழே ஓடும் சிவப்புப் பட்டையும் மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் எரிந்தால், அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து நிழலாகப் படிந்துவிடும். அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, பேனலையே மாற்ற வேண்டும். பொதுவாக வாரண்டியிலும் வராது. பகல் முழுக்கத் திரைக்கு எதிரே வெயில் விழும் ஹாலுக்கும் மினி எல்இடியே மேல்.

கடையில் பத்து நிமிடம்

ஷோரூமில் டிவிகள் எல்லாம் விவிட் மோடில், கம்பெனி கொடுத்த மயிலும் பூவும் ஓடும் வீடியோவில் பளபளக்கும். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ரிமோட்டைக் கேட்டு வாங்கி, பிக்சர் மோடைச் சினிமா அல்லது ஸ்டாண்டர்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். சாதாரணத் தமிழ்ச் சேனல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ஒரு பென் டிரைவில் நீங்கள் நன்றாக அறிந்த படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் செய்துகொள்ளுங்கள். படம் ஓடிச் சத்தம் வரவில்லை என்றால் ஒலி டிடிஎஸ் என்ற வகையாக இருக்கலாம், பல டிவிகள் அதைப் படிப்பதில்லை.

பிறகு கிரிக்கெட். யூடியூபில் ஏதேனும் ஒரு ஆட்டத்தின் ஹைலைட்ஸ் போடுங்கள். பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடும்போது கேமரா பச்சைப் புல்லின்மேல் பக்கவாட்டில் நகரும் அல்லவா, அப்போது பந்தை விட்டுவிட்டுப் புல்லைப் பாருங்கள். கைபட்ட கண்ணாடிபோல் திரையில் திட்டுத் திட்டாக அழுக்கு நிற்பதுபோலவும், புல் அதற்குப் பின்னால் ஓடுவதுபோலவும் தெரிந்தால் பேக்லைட் சீராக இல்லை. லேசாக இருப்பது எல்லா எல்சிடியிலும் உண்டு. கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால் அந்த மாடல் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு பவுண்டரிக்கும் அதுதான் கண்ணில் படும்.

விலை பேசும்போது எம்ஆர்பியிலிருந்து எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பார்க்காதீர்கள். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டினால் தள்ளுபடி பெரிதாகத்தான் தெரியும். கைக்கு வரும் கடைசித் தொகையை இரண்டு கடையில் கேட்டு ஒப்பிடுங்கள். புதிய வருட மாடல்கள் பெரும்பாலும் கோடையை ஒட்டி இறங்கும். அப்போது போன வருட மாடல் நல்ல விலைக்குக் கிடைக்கும், தரத்தில் பெரிய வேறுபாடும் இருக்காது. வட்டியில்லா இஎம்ஐயில் பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் சேரும். ரொக்கத் தள்ளுபடி போய்விடுகிறதா என்றும் கேளுங்கள். பேனல் மாற்றும் செலவு பல சமயம் டிவி விலையில் பாதியைத் தாண்டும். அதனால் கூடுதல் வாரண்டி வாங்குவதாக இருந்தால் பேனலும் அதில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

பெட்டியைக் கம்பெனி ஆள் முன்னிலையில் பிரிக்கவும், பிரிப்பதைச் செல்போனில் பதிவுசெய்யவும். டிவியை எப்போதும் நிமிர்த்தியே தூக்க வேண்டும், இருவர் கீழ் விளிம்பில் கைகொடுத்து. படுக்கப்போட்டால் அல்லது திரையில் கட்டைவிரல் அழுந்தினால் உள்ளே விரிசல் விழும். அது உடைப்புக் கணக்கில் சேரும், வாரண்டி கிடைக்காது. பில்லில் உள்ள சீரியல் எண்ணும் டிவியின் பின்னால் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை யூடியூபில் ஓடவிட்டு இறந்த புள்ளி, கோடு ஏதும் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். மாற்றிக் கொடுக்கும் அவகாசம் சில நாள்கள்தான். கடையும் கம்பெனியும் மாற்றி மாற்றிக் கை காட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சுவரில் மாட்டும்போது நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு உயரம். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில், தரையிலிருந்து மூன்றரை அடியில் வர வேண்டும். ஐந்தரை அடியில் மாட்டினால் கழுத்து வலிக்கும். விஏ பேனலாக இருந்தால் கீழிருந்து பார்க்கும்போது நிறமும் வெளுக்கும். மேலே மாட்டியே தீர வேண்டும் என்றால் சாய்க்கக்கூடிய பிராக்கெட் வாங்குங்கள். பின்பக்க ஓட்டைகளின் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், 200க்கு 200 மில்லிமீட்டர் என்பது போல. அதைப் பார்த்து பிராக்கெட் எடுக்க வேண்டும். போல்ட் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் உள்ளே போய் பேனலையோ போர்டையோ குத்திவிடும். கையால் திருகிப் பாதியில் தடுத்தால் பலம் கொடுக்காதீர்கள். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நிற்காது, அதற்குரிய ஆங்கர் போடச் சொல்லுங்கள்.

செட்டிங்கில் சில நிமிடம் செலவிடுங்கள். பிக்சர் மோடு சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் பழகிவிடும், பிறகு பழைய நீலம்தான் கண்ணை உறுத்தும். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். எஸ்டி சேனலில் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வருவது அது கூடுதலாக இருப்பதால்தான். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கைப் படத்துக்கு அணைத்துவிடுங்கள், கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் வைக்கலாம். பேக்லைட்டை 60, 70க்கு இறக்கினால் விளக்கின் ஆயுள் கூடும். கேம் கன்சோலோ 4கே பாக்ஸோ இணைத்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு "என்ஹான்ஸ்டு" அல்லது "டீப் கலர்" என்ற அமைப்பை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுத்தர எச்டிஆர் சிக்னல் வராது. பழைய பெட்டி வடிவப் படங்களை இழுத்து நிரப்பாதீர்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதே சரி.

மின்சாரக் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 100 வாட் இழுக்கும் டிவி தினமும் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட். 55 இன்ச் இதைவிடக் கூடுதலாக இழுக்கும். ஸ்டார் லேபிள் இருந்தால் அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று பார்த்துக்கொள்ளலாம்.

திரையைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் அடித்தால் மேற்பூச்சு கெடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு துளி வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்குவது. பேனலுக்குச் சிக்னல் கொண்டுவரும் மெல்லிய பட்டை இணைப்புகள் பல டிவிகளில் அங்கேதான் இருக்கின்றன. ஈரம் பட்டால் சில நாளில் நெட்டுக் கோடுகள் விழும், அதோடு பேனல் முடிந்தது.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிவியின் பின்னால் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் குறைந்த மின்னழுத்தம் அதை ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது நியூட்ரல் கட்டுக்கு. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேலும் பாயும், பவர் போர்டு கருகிவிடும். அடிக்கடி அப்படி நடக்கும் பகுதியென்றால் அதிக மின்னழுத்தத்தில் தானே துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் வையுங்கள். வெறும் ஸ்பைக் கார்டு இதைத் தடுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இறங்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. மின்னல் கேபிள்காரரின் ஒயர் வழியாகவும் வந்து, பாக்ஸைத் தாண்டி டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டைச் சுட்டுவிடும். வானம் கறுத்ததும் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் ஒயரையும், இணைத்திருந்தால் லேன் ஒயரையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.